திதி உண்டு, ஆண்டு இல்லை

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் கிளியனூரை எட்டுவதற்கு முன் ஓமந்தூர் வரும். அந்த ஊர்க்காரர் ஒருவர் சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக (அன்றைய பேச்சில் பிரதமர்) இருந்த காலத்தில்தான், பாரதியின் பாட்டு யாருடைய சொத்து என்ற கேள்வி சட்டசபைக்கு வந்தது. ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் பதவியில் இருந்தது 1947 மார்ச் முதல் 1949 ஏப்ரல் வரை. அந்த இரண்டு ஆண்டுகளுக்குள் ஜமீன் ஒழிப்புச் சட்டம், தேவதாசி ஒழிப்புச் சட்டம், ஆலயப் பிரவேசச் சட்டம் எல்லாம் வந்தன. பாரதி எழுத்துகளின் உரிமையை அரசே வாங்கிக்கொள்ளும் என்ற அறிவிப்பு 1949 மார்ச்சில் கல்வியமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியாரிடமிருந்து வந்தது. அடுத்த மாதம் ஓமந்தூரார் பதவியை விட்டுவிட்டார். நிலத்தின் மேலிருந்த ஜமீன் பாத்தியதையை ஒழித்த அதே அமைச்சரவை பாட்டின் மேலிருந்த பாத்தியதையிலும் கை வைத்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

பாரதி 1921இல் மறைந்தபோது இந்த உரிமையை யாரும் பெரிதாக மதித்திருக்க மாட்டார்கள். செல்லம்மாள் தம் சகோதரரோடு சேர்ந்து சில நூல்களை வெளியிட்டுப் பார்த்தார். பிறகு பாரதியின் மாற்றாந்தாய் மகன் சி. விசுவநாதன் முதலியோர் நடத்திய பாரதி பிரசுராலயத்திடம் அச்சு உரிமை போயிற்று. பேசும் படமும் இசைத்தட்டும் வந்தபின் பாட்டை ஒலிக்கச் செய்யும் உரிமை தனியே பிரிந்தது. அது ஒரு நகை வணிக நிறுவனத்தின் கைக்குப் போய், அங்கிருந்து ஏவி. மெய்யப்பச் செட்டியார் கைக்கு வந்தது. ‘நாம் இருவர்’ படத்தில் பாரதி பாட்டைக் கேட்டுத் தமிழ்நாடே சொக்கியது. மறு ஆண்டு டி.கே.எஸ். சகோதரர்கள் ‘பில்ஹணன்’ படத்தில் ஒரு பாரதி பாட்டைச் சேர்த்தபோது ஏவி.எம். உரிமை கோரியது. சகோதரர்கள் பணியவில்லை. விவகாரம் முற்றி, பாரதி விடுதலைக் கழகம் என்றே ஓர் அமைப்பு உருவாகி, எழுத்தாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். கடைசியில் செல்லம்மாளுக்கும் இரு மகள்களுக்கும் ஆளுக்கு 5,000 ரூபாய் கொடுத்து அரசு உரிமையை எடுத்துக்கொண்டது. மெய்யப்பச் செட்டியார் தம் பங்கைப் பணம் வாங்காமல் விட்டுக்கொடுத்தார். சில ஆண்டு அரசின் கையில் இருந்துவிட்டு 1950களின் நடுவில் அது பொதுச்சொத்தாயிற்று. ஆ. இரா. வேங்கடாசலபதி ‘பாரதி: கவிஞனும் காப்புரிமையும்’ நூலில் இந்தக் கதையை ஆவணம் ஆவணமாக எடுத்து வைத்திருக்கிறார்.

பாரதியால் நமக்கு ஒரு வசதி கிடைத்தது. நாட்டுடைமை என்ற ஏற்பாடு பின்னால் வழக்கமாகி, இன்று நூற்றைம்பதுக்கு மேற்பட்ட எழுத்தாளர்களின் பட்டியலாக வளர்ந்திருக்கிறது. பாரதிதாசன் 1991, அண்ணா 1995, கல்கி 1999. வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை, தமிழ் வளர்ச்சித் துறையின் ஆணை, அவ்வளவுதான். பட்டியலில் பெயர் இருந்தால் பழைய நூலை மறு அச்சிடுபவர் நிம்மதியாகத் தூங்கலாம். வேண்டாம் என்று மறுத்த குடும்பங்களும் உண்டு. அது அவர்கள் உரிமை. அதில் தவறு காண எனக்கு ஒன்றுமில்லை.

என் கவலை பட்டியலுக்கு வெளியே கிடப்பவர்களைப் பற்றியது. திண்டிவனம் தாலுகாவில் தலபுராண வசனம் எழுதிய தமிழாசிரியர், விழுப்புரத்தில் சிந்து பாடி அச்சிட்ட ரயில்வே தொழிலாளி, கூத்துப் புத்தகம் எழுதிய வாத்தியார். இவர்களுடைய நூல் ஒன்று கையில் கிடைத்து, இதை இப்போது அச்சிடலாமா, மின்வடிவில் ஏற்றலாமா என்று கேட்டால் சட்டம் திருப்பிக் கேட்பது ஒரே கேள்வி: எழுதியவர் எந்த ஆண்டு இறந்தார்?

1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்த ஆண்டு கழிந்து அடுத்த சனவரி முதல் நாளிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். முன்பு 50 ஆண்டாக இருந்தது. 1941இல் மறைந்த தாகூரின் எழுத்து 1991 முடிவில் விசுவபாரதியின் கையை விட்டுப் போக இருந்த நேரத்தில் அவசரமாகத் தவணையைப் பத்தாண்டு நீட்டினார்கள். தாகூருக்காக நீட்டியது, அதே ஆண்டோ அதற்குப் பிறகோ மறைந்த எல்லாருக்கும், பெயர் தெரியாத நம் தமிழாசிரியர் வரைக்கும், நீண்டுவிட்டது. இன்றைய கணக்கில் 1965 முடிவதற்குள் மறைந்தவர்கள் தம் வாழ்நாளில் வெளியிட்டவை எல்லாம் 2026 சனவரி முதல் நாள் விடுதலை பெற்றுவிட்டன. மாதமோ நாளோ சட்டத்துக்கு வேண்டாம். ஆண்டு ஒன்று போதும்.

நம்மிடம் இல்லாதது அந்த ஆண்டுதான். இறந்தவரை நாம் திதியாக நினைவு வைத்திருக்கிறோம். மாதம் தெரியும், வளர்பிறையா தேய்பிறையா என்று தெரியும், மடத்துச் சாமியார் என்றால் குருபூசை நட்சத்திரம் தெரியும். ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவதைத்தானே நினைவில் வைத்துக்கொள்ள முடியும்? படையல் போடுவதற்குத் திதி வேண்டும், வருஷம் எதற்கு? மூன்று தலைமுறை ஒரு நாள் தவறாமல் திவசம் கொடுத்த வீட்டில் போய் அவர் செத்த ஆண்டைக் கேட்டால் விழிக்கிறார்கள். பாதிரியாரின் ஞானஸ்நானப் பதிவேடும் கல்லறைக் கல்லும் உள்ள ஒரு சமூகத்தில் பிறந்த சட்டம் இது. தகனம் செய்து சாம்பலைக் கரைத்துவிடும் ஊரில் வந்து ஆண்டைக் கேட்கிறது.

பதிவேடு நமக்கும் இருந்தது என்பீர்கள். இருந்தது. 1899ஆம் ஆண்டுச் சென்னைப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்கீழ் கிராமத்தில் சாவு எழுதினார்கள். கர்ணம், முன்சீப் பதவிகளே 1980இல் ஒழிந்தன. விழுப்புரம் மாவட்டம் 1993இல்தான் பிறந்தது. அதற்கு முன் எல்லாமே கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னார்க்காடு. 1940இல் ஒரு கிராமத்தில் இறந்தவரின் பெயரைத் தேடுகிறவர் தாலுகாவிலிருந்து மாவட்டத்துக்கும் இந்த மாவட்டத்திலிருந்து அந்த மாவட்டத்துக்கும் அலைய வேண்டியதுதான். ஏடு கிடைத்தாலும், புலவரின் பட்டப்பெயர் அதில் இருக்காது. இன்னார் மகன், இன்ன சாதி, காய்ச்சல் என்று இருக்கும்.

சரி, நூலே என்ன சொல்கிறது என்று பார்க்கலாம். 1867ஆம் ஆண்டு அச்சகங்கள், நூல் பதிவுச் சட்டம் ஆசிரியரைப் பற்றிக் கவலைப்பட்டதைவிட அச்சுக்காரரைப் பற்றிக் கவலைப்பட்டது அதிகம். கலகம் வந்தால் யாரைப் பிடிப்பது என்று தெரிய வேண்டுமே. அதனால் எந்தப் பழைய நூலிலும் அச்சியந்திரசாலையின் பெயரும் ஊரும் இருக்கும். ஆனால் அதே சட்டம் இன்னொரு நல்ல காரியத்தையும் செய்தது. வெளியான ஒவ்வொரு நூலுக்கும் தலைப்பு, ஆசிரியர், பக்கம், விலை, எத்தனை பிரதி, காப்புரிமை யாருடையது, அவர் வசிக்கும் இடம் எது என்பதையெல்லாம் எழுதி மூன்று மாதத்துக்கு ஒருமுறை பட்டியலாக வெளியிடச் சொன்னது. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அந்தப் பட்டியல்களைப் புரட்டுவது தனி இன்பம். உரிமையாளர் என்ற இடத்தில் பல நேரம் ஆசிரியர் பெயர் இருக்காது. சென்னைப் புத்தக வியாபாரியின் பெயர் இருக்கும். புத்தகத்தின் மேல் ‘சர்வ பாத்தியதையும் ரிஜிஸ்டர் செய்யப்பட்டது’ என்று மிரட்டுகிற வாசகத்தைவிட இந்தப் பட்டியலின் ஒரு வரி நம்பகமானது. ஒரு தகவல்: புதுச்சேரி அப்போது பிரெஞ்சுக்காரர் கையில் இருந்ததால், கிளியனூர் தாண்டிப் போய் அச்சடித்து வந்த நூல்களை இந்தப் பட்டியலில் தேடிப் பயனில்லை.

ஆண்டு அச்சிட்ட நூலிலும் சிக்கல் உண்டு. ‘விகிர்தி வருஷம் தை மாதம்’ என்று மட்டும் போட்டிருக்கும். விகிர்தி 1890இல் வந்தது, மறுபடி 1950இல் வந்தது. நம் ஆண்டுச் சுழற்சியும் அறுபது, காப்புரிமைத் தவணையும் அறுபது. ஒரு சுற்று தவறினால் ஒரு முழுத் தவணையே தவறிப்போகும். எழுத்துருவையும் தாளையும் அச்சகத்தின் தெருப்பெயரையும் பார்த்துத்தான் எந்த விகிர்தி என்று தீர்மானிக்க வேண்டும். பிற்கால நூல்களிலோ வேறு விளையாட்டு. நூலக ஆணைக்குப் புதிய நூல்தான் போக முடியும் என்பதால், இருபது ஆண்டுக்கு முன் வந்த நூலையே அட்டை மாற்றி ‘முதற்பதிப்பு’ என்று போட்டு வெளியிடும் பழக்கம் நம் பதிப்புலகில் ஊறியது. உரிமைப் பக்கத்தை அப்படியே நம்பினால் ஆசிரியர் செத்துப் பதினைந்து ஆண்டு கழித்து முதல்முறையாக எழுதியதாக ஆகும். திருக்குறள் மூலப் பதிப்பில் ‘உரிமை பதிப்பகத்தாருக்கு’ என்று இருப்பதையும் பார்த்திருக்கிறேன். வள்ளுவருக்குத் தகவல் போயிருக்காது.

இறந்த ஆண்டு ஐயமறத் தெரிந்தால் போதுமா என்று கேட்டால், அதற்கும் விழுப்புரத்துக்குப் பக்கத்திலேயே விடை இருக்கிறது. திருவாமாத்தூரில் கௌமார மடம் அமைத்து வாழ்ந்த வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள் 1898இல் அங்கேயே மறைந்தார். லட்சம் பாடல் பாடி, பாதியைத் தாமே அழித்துவிட்டார் என்று சொல்வார்கள். எஞ்சியதில் பெரும்பங்கு அவர் காலத்தில் அச்சேறவில்லை. கோவைச் சின்னவேடம்பட்டிக் கௌமார மடாலயத்தார் காத்து, இருபதாம் நூற்றாண்டில் ஒவ்வொன்றாகப் பதிப்பித்தார்கள். அவர் மறைந்து நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டதே, அறுபதாண்டு எப்போதோ முடிந்திருக்குமே என்று தோன்றும். ஆனால் சட்டத்தின் 24ஆம் பிரிவு, ஆசிரியர் மறைவுக்குப் பின் வெளியான நூலுக்கு வெளியான ஆண்டிலிருந்து அறுபதாண்டு என்கிறது. அதன்படி பார்த்தால், முதன்முதலில் 1970இல் அச்சேறிய ஒரு வண்ணப் பாடல் 2030 முடியும்வரை காப்பில் இருக்கிறது என்று வாதிட இடமுண்டு. அவரைவிட எழுபது ஆண்டு பின்னால் பிறந்து, தம் வாழ்நாளில் அச்சிட்டு, 1960இல் இறந்தவரின் பாட்டு முன்னதாகவே பொதுவாகிவிடுகிறது. பாடியதில் பாதியை அழித்த துறவியின் பாட்டுக்கு இத்தனை நீண்ட காவல்.

வெளியானது என்றால் நூலாக வெளியானது என்று பொருள் கொள்வதும் பிழை. உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ 1950இல் நூலாக வந்தது. அவர் மறைந்தது 1942. நூலை மட்டும் பார்த்தால் மறைவுக்குப் பின் வெளியானதாகத் தோன்றி, 2010 வரை தவணை போகும். ஆனால் அது 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்துகொண்டிருந்தது. ஆகவே 2002 முடிவோடு சரி. பழைய இதழ்களைப் புரட்டாதவர் இந்த எட்டாண்டை வீணாகக் காத்திருந்திருப்பார். கடல் கடந்தால் கணக்கு இன்னும் மாறும். விபுலாநந்த அடிகள் 1947இல் மறைந்தார். அவருடைய ‘யாழ் நூல்’ வெளியிட்டது கரந்தைத் தமிழ்ச் சங்கம். தஞ்சையில் அது 2008இல் விடுபட்டது; இலங்கைச் சட்டமோ மறைவுக்குப்பின் 70 ஆண்டு என்று விதிக்கிறது, ஆகவே மட்டக்களப்பில் கணக்கைத் தனியே பார்க்க வேண்டும்.

இனிக் கூத்துப் புத்தகத்துக்கு வருகிறேன். செஞ்சி வட்டாரம் திரௌபதியம்மன் வழிபாட்டுக்கும் தெருக்கூத்துக்கும் தாய்நிலம். இங்கே ஆடப்படும் பாரதக் கூத்துகள் பலவும் சென்னையில் இரத்தின நாயகர் அண்ட் ஸன்ஸ் போன்றோர் பெரிய எழுத்தில் அச்சிட்ட மலிவுப் பதிப்புகளாகத் திருவிழாக் கடைகளில் விற்றவை. அல்லி அரசாணி மாலை மாதிரிக் கதைப்பாடல்களைப் புகழேந்திப் புலவர் தலையில் கட்டிவிட்டார்கள். அதனால் எழுதியது யார் என்ற தொல்லை வியாபாரிக்கு இல்லை. ஆனால் உள்ளூர் வாத்தியார்கள் எழுதியவை அப்படியல்ல. அவற்றுக்கு ஆசிரியர் உண்டு, அவர் குடும்பம் உண்டு, அவருடைய ஜமா (கூத்துக் குழு) இன்னும் ஆடிக்கொண்டும் இருக்கிறது.

அப்படி ஒரு நூலை நண்பர்கள் சிலர் மறுபதிப்புச் செய்ய விரும்பினார்கள். பிரதி, எழுதியவரின் பேரனிடம் இருந்தது. அவரும் கூத்து வாத்தியார், எழுபதைத் தாண்டியவர். மேலட்டையும் தலைப்புப் பக்கமும் போய்விட்டிருந்தன. கடைசிப் பக்கத்து மூலையில் அச்சகத்தின் பெயரும் ‘விலை அணா 8’ என்பதும் மட்டும் தெரிந்தன.

“தாத்தா எப்பங்க தவறினாரு?” என்று கேட்டேன்.

“ஆடி மாசம், தேய்பிறை பஞ்சமி சார். ஒரு வருசம் தவறாம படையல் போட்டுக்கிட்டுதான் இருக்கோம்.”

“வருஷம்?”

“அத யாரு சார் எழுதி வெச்சா?”

உள்ளேயிருந்து அவருடைய அத்தை குரல் கொடுத்தார். தொண்ணூறு வயசிருக்கும். “ஓமந்தூரு ரெட்டியாரு மந்திரியா இருந்தாரே, அப்போடா. கருமாதிக்கு வந்த சனம் பூரா அந்தப் பேச்சுதான். நம்ம பக்கத்து ஆளு மந்திரியாயிட்டாருன்னு.”

போதுமான சான்று. ஓமந்தூரார் பதவியில் இருந்த காலத்துக்குள் வந்த ஆடி மாதங்கள் இரண்டே: 1947, 1948. கிழமையும் சொன்னால் பழைய பஞ்சாங்கத்தை வைத்து இன்ன ஆண்டு என்றே முடித்துவிடலாம். அத்தைக்குக் கிழமை நினைவில்லை. அது தேவைப்படவும் இல்லை. பின்னதையே எடுத்துக்கொண்டாலும் 2008 டிசம்பர் கடைசி நாளோடு உரிமை முடிந்துவிடுகிறது. காந்தியின் எழுத்து நவஜீவன் அறக்கட்டளையிடமிருந்து விடுபட்டதும் அதே நாளில்தான். 1948இல் மறைந்த புதுமைப்பித்தனுக்கும் சட்டப்படியான கெடு அதுவே (அவர் அதற்கு முன்பே நாட்டுடைமையாகிவிட்டார்). தாத்தா செத்தபின் மகன்கள் அச்சிட்டதாக இருந்தால்? அதற்கும் கடைசிப் பக்கம் பதில் வைத்திருந்தது. 1957 ஏப்ரலில் நயா பைசா வந்துவிட்டது. பழக்கத்தில் சில ஆண்டு அணாவே அச்சாகியிருக்கலாம் என்று விட்டுக்கொடுத்தாலும், அந்த அறுபதாண்டும் கழிந்துவிட்டது.

பழைய நூலை ஆராய்பவர்கள் சரியான ஆண்டைத் தேடியே களைத்துப்போகிறார்கள் என்று நினைக்கிறேன். வேண்டியது சரியான ஆண்டு அல்ல, இதற்குப் பின் அவர் உயிரோடில்லை என்று உறுதியாகச் சொல்லும் ஏதாவது ஒன்று. அது அத்தையின் நினைவாக இருக்கலாம். சார்பதிவாளர் அலுவலகத்துப் பாகப்பிரிவினைப் பத்திரமாகவும் இருக்கலாம். அதில் ‘காலஞ்சென்ற இன்னார் குமாரர்கள்’ என்று தொடங்கினால் பத்திரத் தேதிக்கு முன்பே அவர் போய்விட்டார் என்பது ஸ்டாம்பு ஒட்டிய சாட்சியம். எந்த வழியிலும் தெரியாமல், வாரிசும் அகப்படாமல் போனால் சட்டத்தின் 31அ பிரிவு இருக்கிறது: நாளிதழில் விளம்பரம் கொடுத்து, விண்ணப்பம் போட்டு, கட்டாய உரிமம் கேட்கலாம். நாற்பது பக்கக் கூத்து நூலுக்கு இதைச் செய்தவர் யாரையும் நான் சந்தித்ததில்லை.

பேரனிடம் விஷயத்தைச் சொன்னேன். இனி யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், உங்களைக் கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை என்று. அவர் முகம் மாறியது.

“எங்க ஆட்டத்த வேற ஜமாக்காரன் எடுத்து ஆடணும்னா, வெத்தலபாக்கு வெச்சுக் கேட்டுட்டுதான் ஆடுவான் சார். அதுக்குமா அறுவது வருசக் கணக்கு?”

என்னிடம் பதில் இல்லை. சட்டம் விடுவித்தது என்றால் அவருடைய காதில் பறித்தது என்று விழுகிறது. அது அவ்வளவு தவறான காதும் அல்ல. கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: “அடிக்கட்டும். தாத்தா பேர எடுத்துட்டு வேற பேரு போட்டுறாம பாத்துக்குங்க.” அதற்குச் சட்டத்தில் இடமுண்டு. 57ஆம் பிரிவு, எழுதியவன் நானே என்று சொல்லிக்கொள்ளும் உரிமையைக் காப்புரிமையிலிருந்து பிரித்துத் தனியாக வைத்திருக்கிறது; வாரிசுகளும் அதைக் கோரலாம். தலைப்புப் பக்கம் போனாலும் கடைசி விருத்தத்தில் தாத்தா தம் பெயரையும் ஊரையும் பாடியே வைத்துவிட்டுப் போயிருந்தார். கூத்தாசிரியர்கள் அச்சுக்காரரை நம்பியவர்கள் அல்லர்.

மறுபதிப்பின் உரிமைப் பக்கத்தில் என்ன போடுவது என்று நண்பர்களுக்குள் வாக்குவாதம். ஒருவர் பதிப்பகத்தின் பெயர் போடலாம் என்றார், மற்றவர் வெறுமையாக விடலாம் என்றார். முடிவில் ‘பொதுவுடைமை’ என்று போட்டு, கீழே ‘ஆசிரியர் மறைவு: ஆடி மாதம் தேய்பிறை பஞ்சமி, 1947 அல்லது 1948’ என்று சேர்த்தார்கள். உரிமைப் பக்கத்தில் ‘அல்லது’ வரலாமா என்று மெய்ப்புப் பார்த்தவர் கேட்டார். வரலாம் என்றோம்.